ஒன்றேகால் நிமிட மணல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ப்ளஸ் ஒன் வகுப்பில் என் பெயர் பிளசி, ஆனால் இயற்பியல் எடுக்கிற மாதவராஜ் சார் என்னை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவேன், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் சேர்த்துப் போடும்.

மாதேஸ்வரன் எனக்கு நேர் எதிர். அவனுக்குப் பேச்சு திக்கும். சும்மா கொஞ்சம் திக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அவன் பெயரே அவனுக்கு எதிரி. "என் பேர் மா... மா... மா..." என்று அவன் நிற்கும்போது பின்பெஞ்சுப் பையன்கள் மாடு கத்துவதுபோல "ம்ம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வருகைப்பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவான். புதிதாக வந்த வாத்தியார் யாராவது, "வாயில என்னடா கொழுக்கட்டையா?" என்று கேட்டால் நான் எழுந்து, "அவன் பேரு மாதேஸ்வரன் சார், பாலக்கோடு சார்" என்று சொல்லிவிடுவேன். பெரிய உபகாரம் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னிடம் வந்து, "என் வா... வார்த்தைய நீ எ... எடுத்துக்காத பிளசி," என்றான்.

வந்ததே எனக்குக் கோபம்! நல்லது செய்தால் இதுதான் கிடைக்கும் என்று அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை. பிறகு நானே போய்ப் பேசினேன், ஏனென்றால் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

தர்மபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கு அந்தப் போட்டி. ஒரு கோலியைத் தட்டிவிட்டால் அது உருண்டு போய் ஒரு கட்டையைச் சாய்க்க வேண்டும், அந்தக் கட்டை அடுத்ததைச் சாய்க்க வேண்டும், இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க் கடைசியில் ஒரு மணி தானாக அடிக்க வேண்டும். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அவுட். அதில் ஒரு விசேஷம் வைத்திருந்தார்கள். இயந்திரம் ஓர் இடத்தில் தானாகவே நின்று, ஒரு நிமிடத்துக்குக் குறையாமலும் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமலும் காத்திருந்து, மறுபடி தானாகவே கிளம்ப வேண்டும். அந்த இடைவெளியில் குழுவில் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தங்கள் இயந்திரத்தை விளக்க வேண்டும். இயந்திரம் கிளம்பிவிட்டால் மைக்கை வாங்கிவிடுவார்கள்.

குழுவில் நான், மாதேஸ், எங்கள் வகுப்பு மணிமேகலை. முழு இயந்திரத்தையும் மாதேஸ்தான் மனசுக்குள்ளேயே கட்டி வைத்திருந்தான். காத்திருக்கும் இடத்துக்கு மணல் கடிகாரம் என்று முடிவு செய்ததும் அவன்தான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. "யாரு பேசறது?" என்று மாதவராஜ் சார் கேட்டார். எங்கள் முந்திரிக்கொட்டைதான் என்று அவரே சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

"நா... நான் பேசறேன் சார்," என்றான் மாதேஸ்.

சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாவம், நல்ல மனுஷன். "வேணாம் சாமி, நீ செய்யி, அது பேசட்டும். ஆளுக்கு ஒரு வேலை," என்றார். மாதேஸ் தலையைக் குனிந்துகொண்டே, மறுபடியும் அதையே சொன்னான். அவன் ஒரு வார்த்தையை இரண்டாம் முறை சொல்லி நான் பார்த்ததே இல்லை, ஒரு முறை சொல்வதே அவனுக்கு மலை ஏறுகிற வேலை. இது நான் செஞ்சது, நானே சொல்லணும், எங்க அப்பா வந்து கேக்கணும் என்றான். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

அவன் அப்பா கிருஷ்ணப்பனைப் பாலக்கோடு தக்காளி மண்டியில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். அந்தக் குரல் இந்தக் கோடியில் கிளம்பினால் அந்தக் கோடியில் லாரி டிரைவர் தூக்கம் கலைந்து எழுவான். அந்த வாய்க்கு இந்தப் பிள்ளையா என்று மண்டியில் பேசிக்கொள்வார்கள், கிருஷ்ணப்பன் காதுபடவே பேசுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் அப்பா டேவிட்ராஜ் தக்காளி கொண்டுபோனபோது நானும் டெம்போவில் ஏறிக்கொண்டேன். மண்டியைக் காலையில் பார்த்திருக்கிறீர்களா? ஐயோ, காது கிழிந்துவிடும். தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடுகளைத் தூக்கிப் போடுகிற சத்தம், லாரி பின்னால் வருகிற பீப் பீப், நாலு கடையில் நாலு ஏலம், இதற்கு நடுவில் டீக்கடைப் பாட்டு. அந்தக் கும்பலில் ஒரு கவிழ்த்துப் போட்ட கிரேடின் மேல் நின்றுகொண்டு யாரோ ஒரு பையன் கணீரென்று விலை கூறிக்கொண்டிருந்தான். ஒரு தரம், ரெண்டு தரம் என்று தண்ணீர் கொட்டுவதுபோல அவன் வாயிலிருந்து கொட்டுகிறது. நான் எட்டிப் பார்த்தேன். மாதேஸ்!

அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். ஏலம் முடிந்து அவன் இறங்கியதும் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஏன்டா, எங்களையெல்லாம் ஏமாத்தறியா? இங்க மட்டும் எப்பிடிடா வருது?"

"தெரியல பிளசி. இங்க வந்தா வருது. எப்பவும் வரும்," என்றான். அதையும் திக்காமல்தான் சொன்னான்.

எனக்கு ஒரே சந்தோஷம். சொந்த இடம், அப்பா பக்கத்தில் இருக்கிறார், பயம் இல்லை, அதனால் பேச்சு வருகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்படியானால் இங்கேயே வைத்து இயந்திரத்தைக் கட்டி, இங்கேயே பேசிப் பேசிப் பழகிவிட்டால், அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வரும் இல்லையா? மாதேசுக்கும் அது சரியாகப்பட்டது. மணிமேகலைக்கும் சரியாகப்பட்டது. இப்படித்தான் நாங்கள் மூன்று அறிவாளிகளும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

கமிஷன் கடைக்காரர் காலி கிரேடு அடுக்குகிற மூலையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய்விடுவோம். மத்தியானத்துக்கு மேல் ஏலம் இருக்காது, ஆனால் லோடு ஏற்றுவது இருட்டும்வரை நடக்கும். பழைய மரப்பெட்டிச் சட்டங்களை அறுத்துச் சாய்கிற கட்டைகள் செய்தோம். கோலி ஓடுகிற வழிக்குச் சொட்டுநீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்துகொண்டோம். அதெல்லாம் சுலபமாக முடிந்தது. மணல்தான் எங்கள் உயிரை வாங்கியது.

பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, மூடியில் ஓட்டை போட்டு, ஓட்டையை ஒரு அட்டையால் அடைத்திருந்தோம். கோலி வந்து ஒரு கிண்ணத்தில் விழுந்தால் கயிறு இழுபட்டு அட்டை விலகும். மணல் கொட்டி, கீழே தராசுக் கட்டையின் ஒரு முனையில் தொங்குகிற டப்பாவில் விழும். மறுமுனையில் எடைக்கு ஒரு பழைய பூட்டு. மணலின் பாரம் பூட்டின் பாரத்தை மிஞ்சியதும் கட்டை சாய்ந்து அடுத்த கோலியை விடுவிக்கும். சொல்வதற்கு நன்றாக இருக்கிறதல்லவா? கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து, கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் அள்ளி வந்தேன். அது முள்முள்ளாக இருந்து ஓட்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. ஓட்டையைப் பெரிதாக்கினால் பொலபொலவென்று மொத்தமும் கொட்டிவிடுகிறது. ஆற்று மணல் கொஞ்சம் கிடைத்தது, அதில் ஈரம். அம்மாவின் ராகிமாவு சல்லடையை எடுத்துப்போய்ச் சலித்தேன். வீட்டில் விழுந்த அடியை விடுங்கள், அந்த மணலும் பாதியில் நின்றுவிட்டது. ஆத்திரத்தில் பாட்டிலை ஓர் உதை விட்டேன். மாதேஸ் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

வழி சொன்னது மணிமேகலைதான். அவள் அம்மா காரிமங்கலம் சந்தையில் கடலை வறுத்து விற்கிறவர். "எங்கம்மா கடலை வறுக்கற மணலு எடுத்துட்டு வரட்டா? நெருப்புல வெந்து வெந்து மாவாட்டம் இருக்கும். ஆனா சந்தைக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துரணும்டி, இல்லன்னா என்னைய வறுத்துரும்," என்றாள்.

கறுகறுவென்று, கடலை வாசனையோடு வந்தது அந்த மணல். சூடான கோணி ஊசியால் வேறொரு மூடியில் ஓட்டை போட்டு அட்டையை உருவினோம். நூல் பிடித்ததுபோல இறங்கியது. நிற்கவில்லை, திக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அடுத்தது நேரம். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? மாதேஸ் தன் பேச்சை ஒத்திகை பார்த்தான். எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "என் பேர் மாதேஸ்வரன். பாலக்கோடு. எங்க இயந்திரம் நின்னுட்ட மாதிரி தெரியும். நிக்கல, மணல் விழுந்துட்டிருக்கு. தண்ணியா இருந்தா பாட்டில் நிறைய இருக்கறப்ப வேகமா வரும், குறையக் குறைய மெதுவாயிடும். மணல் அப்படி இல்ல. மொதல்ல எப்படி விழுதோ கடைசி வரைக்கும் அதே சீர்தான்." இப்படிப் போகும். தராசு எப்படிச் சாயும் என்று சொல்லிவிட்டுக் கடைசியில், "இப்போ மணி அடிக்கும்" என்று முடிப்பான். பின்னால் லாரி உறுமுகிறது, லோடுமேன்கள் கூச்சல் போடுகிறார்கள், அவன் பாட்டுக்கு ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறான். போனில் பார்த்தால் ஒன்றேகால் நிமிடம். எத்தனை தடவை சொன்னாலும் அதே ஒன்றேகால்.

பூட்டோடு நட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து அந்த நேரத்துக்குக் கொண்டுவந்தோம். நான் இன்னும் நாலு நட்டு கோக்கப் போனேன்.

"எதுக்கு?"

"ரெண்டு நிமிசம் வரைக்கும் விடலாம்னு ரூல்ஸே சொல்லுதுடா. கொஞ்சம் கையில வெச்சுக்கலாம். எதுக்கும் இருக்கட்டும்."

"எதுக்கும்னா எதுக்கு?" என்றான். அவன் என் கையிலிருந்த நட்டுகளை வாங்கிக் கீழே வைத்தான். "எனக்காக இடம் போடாத பிளசி. எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவே போதும். நான் மணி அடிக்கும்னு சொல்றப்ப அது அடிக்கணும். அதான் ஜோரு."

உண்மையிலேயே அது ஜோராகத்தான் இருந்தது. மாதவராஜ் சார் ஒரு நாள் பைக்கில் மண்டிக்கு வந்து பார்த்தார். "இப்போ மணி அடிக்கும்" என்று மாதேஸ் சொல்லி வாயை மூடவும் கட்டை சாயவும் கோலி ஓடவும் சைக்கிள் மணி டிங்கென்று அடிக்கவும் சரியாக இருந்தது. சார் அப்படியே நின்றுவிட்டார். "பின்னிட்டியே சாமி! எல்லாம் நாப்பழக்கம்தான், நான்தான் பயந்துட்டேன். நீயே பேசு," என்றார். பக்கத்தில் நின்ற கிருஷ்ணப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அவ்வளவுதான்.

அன்று கிளம்பும்போது மாதேஸ் என்னிடம் சத்தியம் வாங்கினான். "என்ன ஆனாலும் நீ வாயத் தெறக்கக் கூடாது."

"சத்தியமா தெறக்க மாட்டேன்டா. மாதா மேல சத்தியம்," என்றேன்.

போட்டியன்று கிருஷ்ணப்பன் ஏலத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் மண்டியை விட்டு ஒரு காலைப்பொழுது வெளியே வந்ததே அதிசயம் என்றார் சார். கல்லூரி வராந்தாவில் எல்லாக் குழுவும் அடித்துக்கொண்டும் ஆணி அறைந்துகொண்டும் இருந்தார்கள். அந்தக் களேபரத்தில் மாதேஸ் சுவரைப் பார்த்து நின்று ஒரு தடவை முழுப் பேச்சையும் சொல்லிப் பார்த்தான். ஒரு சொல் பிசகவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இனி என்ன, கோப்பை நம்முடையதுதான் என்று மணிமேகலையிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் முறை வந்தது. இயந்திரத்தை மேசையோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனோம். ஏசி அரங்கம். காலுக்குக் கீழே மெத்தை மாதிரி கம்பளம், நடந்தால் சத்தமே வரவில்லை. கதவைச் சாத்தினார்கள். வெளியே கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் கத்தரித்ததுபோல நின்றது. தொகுத்து வழங்கிய கல்லூரி அக்கா, "சைலன்ஸ் ப்ளீஸ்" என்றது. அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தது. மாதேசின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவன் ஒரு தடவை எச்சில் விழுங்கினான், அது மைக்கில் கேட்டது.

மணிமேகலை கோலியைத் தட்டிவிட்டாள். குழாயில் ஓடியது, கட்டைகள் வரிசையாகச் சாய்ந்தன, கிண்ணத்தில் கோலி விழுந்தது, அட்டை விலகியது, மணல் இறங்க ஆரம்பித்தது. எல்லாம் அச்சு அசலாக நடந்தது.

"என் பேர் மா..." என்றான் மாதேஸ். "மா... மா..."

நின்றுவிட்டது.

அவன் உதடு ஒட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. மறுபடி, "மா..." அரங்கத்தின் பின்பக்கம் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! ஆனால் நான் அசையக்கூட முடியாது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், கை பட்டால் அவுட்.

நடுவர்களில் ஓர் அம்மா ரொம்ப அன்பாக, "அவசரமே இல்லப்பா, மெதுவா சொல்லு," என்றார். அம்மா தாயே, அவசரம் இல்லை என்று நீங்கள் என்னிடமோ அவனிடமோ சொல்லி என்ன புண்ணியம், அந்த மணலிடம் சொல்லுங்கள். அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது சிக்கிக்கொள்ளேன், சனியனே, ஒரு கல்லாவது ஓட்டையில் வந்து அடையேன் என்று வேண்டிக்கொண்டேன். எத்தனை நாள் சிக்கி நின்று எங்களை அழவைத்த மணல்! அன்றைக்கு அதற்கு வந்த ஒழுங்கு!

பாட்டிலில் மணல் மட்டம் எந்த இடத்தில் இருந்தால் அவன் எந்த வார்த்தையில் இருப்பான் என்று எனக்குத் தெரியும். பாதிக்கு இறங்கிவிட்டது. இந்நேரம் தண்ணியா இருந்தா என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னும் இறங்கிவிட்டது. மணல் அப்படி இல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் இன்னும் தன் பெயரின் வாசற்படியிலேயே நிற்கிறான். ஓரத்தில் நின்ற சார் என்னைப் பார்த்து, நீ சொல்லு, நீ சொல்லு என்று கையை ஆட்டுகிறார். குழுவில் யார் பேசினாலும் மதிப்பெண் உண்டு. மணிமேகலை என் முழங்கையைக் கிள்ளுகிறாள். முழுப் பேச்சும் என் நாக்கு நுனியில் நிற்கிறது. மாதேஸ் திரும்பி என்னைப் பார்த்தான். சொல்லு என்கிறானா, சொல்லாதே என்கிறானா, எனக்குப் புரியவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கட்டை சாய்ந்தது. கோலி ஓடியது. மணி டிங்கென்று அடித்தது.

கல்லூரி அக்கா சிரித்த முகத்தோடு வந்து அவன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டது. அரங்கம் கை தட்டியது. கட்டைகள் சாய்ந்ததற்கும் இயந்திரம் சரியாக நின்று கிளம்பியதற்கும் தட்டினார்கள். பாவம் பையன் என்றும் தட்டியிருப்பார்கள். எல்லாருக்கும் மேலே கடைசி வரிசையில் கிருஷ்ணப்பன் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படபடவென்று தட்டினார்.

அந்தச் சத்தத்துக்குள் என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "என் பேர் மாதேஸ்வரன். பாலக்கோடு. எங்க இயந்திரம் நின்னுட்ட மாதிரி தெரியும். நிக்கல..."

திரும்பிப் பார்த்தேன். மாதேஸ் பேசிக்கொண்டிருந்தான். மைக் இல்லை, வெறும் கை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, மண்டியில் சொன்ன அதே குரலில், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வருகிறது. மேடையில் பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கேட்கிறது. முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. அவன் அப்பா அங்கே நின்றுகொண்டு, மகன் பேசுவது காதில் விழாதபடி, தன் கையாலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்.

என் புத்தி எங்கே நின்றது அப்போது? "நிறுத்துங்க!" என்று கத்தினேன். "கை தட்டாதீங்க! அவன் பேசறான், கேளுங்க! ப்ளீஸ், நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் ஒருவர் மிச்சமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். கிருஷ்ணப்பனின் கையும் அந்தரத்தில் நின்றது. எல்லாரும் மாதேசைப் பார்த்தார்கள்.

"தண்ணியா இருந்தா பாட்டில் நி... நி... நி..." என்றான் மாதேஸ்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டியில் அவனுக்குப் பேச்சைக் கொடுத்தது அந்த இடமும் இல்லை, அவன் அப்பாவும் இல்லை. அந்த இரைச்சல். லாரியும் கிரேடும் கூச்சலும் டீக்கடைப் பாட்டும். அவன் குரல் அவன் காதிலேயே விழாத இடத்தில்தான் அவனுக்கு வாய் திறக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த இரைச்சலிலேயே வைத்து நேரம் பார்த்து, அந்த நேரத்துக்கு மணலை அளந்து, இந்தச் செத்த அமைதிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். தானாகக் கிடைத்த கொஞ்சம் இரைச்சலையும் நானே கத்தி நிறுத்திவிட்டேன்.

"தட்டுங்க," என்றேன். "தட்டுங்க, எல்லாரும் தட்டுங்க!" நானே தட்ட ஆரம்பித்தேன். ஒரு ஜோடிக் கை என்ன சத்தம் போட்டுவிடும்? அவ்வளவு பெரிய அரங்கத்தில் சப்சப்பென்று கேட்டது. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு, நிறுத்தச் சொல்கிறது, தட்டச் சொல்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு கிளம்பியது. கல்லூரி அக்கா சமாளித்துக்கொண்டு, "ஓகே, இந்த டீமுக்கு இன்னொரு தடவை பலமா ஒரு கைத்தட்டல் குடுத்துருவோமா!" என்றது.

தட்டினார்கள். முதலில் தட்டியதைவிடப் பலமாக, விசிலோடு தட்டினார்கள். நான் மாதேசைப் பிடித்து உலுக்கி, "பேசுடா, இப்ப பேசு, இப்ப வரும்டா!" என்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, குனிந்து, டப்பாவில் இருந்த மணலைப் பைக்குள் கொட்ட ஆரம்பித்தான். கைத்தட்டல் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

இயந்திரத்துக்கு எங்களுக்குத்தான் அதிக மதிப்பெண். விளக்கத்துக்குப் பூஜ்யம். கூட்டிக் கழித்து இரண்டாம் பரிசு என்று ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அதில் நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும்போது பாலக்கோடு பஸ்ஸில் மாதேசும் அவன் அப்பாவும் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் கோப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஓட்டை பஸ், ஜன்னலெல்லாம் தடதடவென்று ஆடுகிறது, டிரைவர் தலைக்கு மேல் பாட்டு அலறுகிறது. அவர் மகன் பக்கம் குனிந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏன் சாமி, அங்க கை தட்டறப்ப நீ என்னமோ பேசனியாமே? அந்தப் புள்ள சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல. என்னா பேசன?"

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இங்கே இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. சொல்லுடா, இப்பச் சொல்லு, பக்கத்திலேயே காது இருக்கிறது என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

மாதேஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பினான்.

"நான் ஒண்ணும் பேசலப்பா," என்றான். கணீரென்று, ஓரெழுத்துகூடத் திக்காமல் சொன்னான்.